தலை அரிப்பும் பேன் பயமும்

திருக்கோயில் ஆண்டு மலரில் பேனைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நிர்வாகக் குழுக் கூட்டத்திலும் ஒருவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் நம் ஆலயத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்புக்கு ஆசையோடு வந்துகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி திடீரென்று நின்றுவிட்டதற்கு இதுவே காரணம் என்று தெரிந்தபோது, அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். தலையில் ஈர் தெரிகிறது என்று பக்கத்துப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல, அந்தப் பெற்றோர் வந்து தனிப் பாய் போடச் சொல்ல, விஷயம் மடப்பள்ளி வரை பரவிவிட்டது. "பிள்ளை ராத்திரியெல்லாம் அழுவுது டீச்சர், இனிமே அனுப்பல" என்றார் தாயார். இத்தனைக்கும் அந்தக் குழந்தையின் தலையில் அப்போது ஒரு பேன்கூட இல்லை. அது எப்படி என்பதை விளக்கவே இக்கட்டுரை.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம் முன்னோர் சொல்வார்கள். ஈர் வேறு, பேன் வேறு என்று அவர்கள் பிரித்து வைத்தார்கள். நாம்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

வளர்ந்த பேன் ஓர் எள் அளவு இருக்கும். நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். ஆறு கால்கள் உண்டு, இறக்கை கிடையாது. பறக்காது, குதிக்காது, ஊர்ந்துதான் போகும். மயிரைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே அதன் கால்கள் கொக்கி போல் அமைந்துள்ளன. ஆகையால் ஒரு தலை இன்னொரு தலையோடு ஒட்டியிருக்கும்போதுதான் பெரும்பாலும் அது இடம் மாறும். தைப்பூச இரவில் பாய் விரித்துப் பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துத் தூங்குகிறார்களே, அதுதான் வாய்ப்பான நேரம். சீப்பு, தலையணை, துண்டு வழியாகப் பரவுவது குறைவு. மனிதத் தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாளில் செத்துவிடும். தனிப் பாய் போடுவதால் ஒரு குழந்தையின் மனம் நோகுமே தவிர, பேன் தடைபடாது.

அழுக்குத் தலையில்தான் பேன் வரும் என்பதும், ஈரத் தலையை முடிந்துகொண்டால் பேன் பிடிக்கும் என்பதும் நம்மிடையே வழங்கி வரும் நம்பிக்கைகள். பேன் பேனிலிருந்துதான் வரும். நாள்தோறும் முழுகிய தலையும் முழுகாத தலையும் அதற்கு ஒன்றுதான். சாதாரண வாழ்க்கையில் தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை என்பதையும் அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒருவகைக் கொள்ளைக் காய்ச்சலைப் பரப்பியது உடுப்பில் வாழும் உடற்பேன், அது வேறு.

இனி ஈர். பெண் பேன் நாள்தோறும் சில முட்டைகள் இடும். ஒவ்வொரு முட்டையையும் தலைத்தோலுக்கு மிக அருகே, மயிரில் பசை போன்ற ஒன்றால் ஒட்டி வைக்கும். அந்தச் சூட்டில் 7 முதல் 10 நாளில் முட்டை பொரிந்துவிடும். குஞ்சு வெளியேறிய பிறகும் கூடு மயிரிலேயே ஒட்டியிருக்கும்; குளித்தாலும் போகாது, மருந்து போட்டாலும் போகாது. நம் முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. முடி வளர வளரக் கூடும் தோலை விட்டு விலகிக்கொண்டே போகும். இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி ஓர் ஈர் இருந்தால், அது இடப்பட்டு மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். பத்து நாளில் பொரிய வேண்டியது எப்போதோ பொரிந்துவிட்டது. அது வெறுங்கூடு. அந்தச் சிறுமியின் தலையில் இருந்தவை அத்தகைய கூடுகளே. தாயார் பள்ளி விடுமுறையிலேயே மருந்து போட்டுப் பேனை ஒழித்திருந்தார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், பேனுக்காகவோ ஈருக்காகவோ எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நிறுத்தத் தேவையில்லை என்று தெளிவாகக் கூறியிருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தலை பார்த்ததும், பார்த்த பிறகு அந்தப் பிள்ளைகள் தலைகுனிந்து நடந்ததும் என் தலைமுறையினருக்கு நினைவிருக்கும். இந்த வழிகாட்டியை நிர்வாகக் குழுவில் எடுத்துச் சொன்ன பிறகு, நம் வகுப்பில் இனி யாரையும் நிறுத்துவதில்லை, சொல்ல வேண்டியதைத் தாயாரிடம் தனியாகச் சொல்வது என்று முடிவாயிற்று. நானும் செயலாளரும் நேரில் போய்ப் பேசினோம். இரண்டு வாரம் கழித்துச் சிறுமி மீண்டும் வந்தாள்.

அரிப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பேன் ஊர்வதால் அரிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரத்தம் உறிஞ்சும்போது இறங்கும் எச்சில் நம் தோலுக்கு ஒவ்வாமல் போவதே அரிப்புக்குக் காரணம். உடம்பு அந்த ஒவ்வாமையைப் பழகிக்கொள்ளக் காலம் பிடிக்கும். முதல் முறை பேன் பிடித்தவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை அரிப்பே தெரியாமல் இருக்கலாம். அதேபோல் கடைசிப் பேன் செத்த பிறகும் ஒவ்வாமை உடனே அடங்காது. ஓரிரு வாரமோ, அதற்கு மேலுமோ அரிப்பு இருக்கலாம். ஆக, அரிக்கவில்லை என்பதால் பேன் இல்லை என்றும் சொல்ல முடியாது. அரிக்கிறது என்பதால் பேன் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

இது தெரியாததால்தான் வீடுகளில் ஒரு வட்டம் சுழல்கிறது. மருந்து போட்ட பிறகும் அரிக்கிறது; பேன் போகவில்லை என்று எண்ணி மறுபடியும் போடுகிறார்கள். மருந்து தலைத்தோலை வறளச் செய்து எரிச்சலூட்டுகிறது, மேலும் அரிக்கிறது. மூன்றாவது புட்டி வாங்குகிறார்கள். பேன் போய் மாதங்கள் ஆகியும் தலையைப் புண்ணாக்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அவர்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: போடுவதை நிறுத்திவிட்டுத் தலையைப் பார்ப்பது.

பார்ப்பதற்கும் முறை உண்டு. உலர்ந்த தலையில் விரலால் விலக்கிப் பார்த்தால் பேன் வெளிச்சத்தைக் கண்டு ஓடி ஒளிந்துவிடும். முடியை நன்றாக நனைத்து, கடையில் விற்கும் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். ஈர முடியில் பேனால் வேகமாக ஓட முடியாது. முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்து, பிறகு நெருங்கிய பல் கொண்ட பேன் சீப்பால் தோலிலிருந்து நுனி வரை பகுதி பகுதியாக வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் தாளில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்புறமும் பிடரியும் முக்கியம். நகரும் பேன் ஒன்றாவது கிடைத்தால் மட்டுமே பேன் உண்டு என்று பொருள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் இப்படி வாரி, ஒன்றும் கிடைக்காவிட்டால் தலை சுத்தம். பொறுமை உள்ள வீட்டில் மருந்தே இல்லாமல் இந்த வாரலாலேயே பேனை ஒழித்துவிடலாம்.

சீப்பைக் குறைவாக எடைபோட வேண்டாம். இஸ்ரேல் நாட்டில் லாக்கீஷ் என்ற பழைய நகரில் 2016-இல் தந்தச் சீப்பு ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். வயது ஏறத்தாழ 3,700 ஆண்டு. அதில் கீறியிருந்த எழுத்தைப் படித்து 2022-இல் அறிவித்தபோது உலகமே வியந்தது. தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அது. அகரவரிசை எழுத்தில் இதுவரை கிடைத்துள்ள முழு வாக்கியங்களில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். அகரவரிசை எழுத்தில் மனிதன் எழுதிய மிகப் பழைய வாக்கியங்களுள் ஒன்று பேனைப் பற்றியது என்றால், நம் மலரில் ஒரு கட்டுரை வருவதில் தவறில்லை!

உயிருள்ள பேன் இருப்பது உறுதியானால் மருந்தகத்தில் கேட்டு மருந்து வாங்கலாம். பெர்மெத்ரின் 1 விழுக்காடு கலந்த மருந்து நெடுநாளாக வழக்கில் உள்ளது. ஆனால் பல நாடுகளில் பேன்கள் அதற்குப் பழகிவிட்டன. டைமெத்திக்கோன் என்பது நஞ்சன்று. பேனை எண்ணெய் போல் மூடி அழிப்பது. எதுவானாலும் முட்டைகள் எல்லாம் சாவதில்லை. எனவே 7 முதல் 10 நாள் கழித்து இரண்டாம் முறை போட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். மருந்து தலையில் இருக்கும்போது விளக்கேற்றவோ அடுப்பருகே நிற்கவோ கூடாது. சில மருந்துகள் தீப்பற்றும். ஒரே வீட்டில் பேன் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் போட வேண்டும். பேன் இல்லாதவருக்குப் போடத் தேவையில்லை.

கைவைத்தியத்தில் சில ஆபத்தானவை. மண்ணெண்ணெய் தடவிய தலையோடு அகல் விளக்கருகே போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது நம்மவர் பழக்கம். அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிக் கடும் வலியும் பார்வைக் குறைவும் தரும். கற்பூரம் கலந்த எண்ணெய் சிறு பிள்ளை வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் கற்பூரமும் அந்துருண்டையும் அறவே ஆகாது. கொசு மருந்தைத் தலையில் அடிக்கும் கொடுமையும் நடக்கிறது. தேங்காய் எண்ணெய் சிக்கெடுக்க உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பேனுக்காக மொட்டை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடி இல்லாத தலையில் பேன் வாழாது என்பது உண்மை. ஆனால் முடி காணிக்கை என்பது நேர்த்திக்கடன். பேனுக்கு அஞ்சி அழும் பெண் பிள்ளையை வற்புறுத்தி உட்காரவைப்பது வேண்டாம். மொட்டை போடும் இடத்தில் நாம் கவலைப்பட வேண்டியது பேனைப் பற்றியன்று, பிளேடைப் பற்றி. ஒருவர் தலையில் பட்ட பிளேடு இன்னொருவர் தலையில் பட்டால் கல்லீரல் அழற்சிக் கிருமிகளான பி, சி ஆகியவையும் எச்.ஐ.வி.யும் தொற்ற இடமுண்டு. தலைக்கு ஒரு புதிய பிளேடு என்பதில் நம் ஆலயம் கண்டிப்பாக இருக்கிறது. பிளேடு உபயம் செய்ய முன்வரும் அன்பர்களை வரவேற்கிறோம்.

சீப்பில் பேன் கிடைக்காமலும் தலை அரித்துக்கொண்டே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். முதலில் நிற்பது பொடுகு. நம் தோலில் இயற்கையாக வாழும் ஒரு பூஞ்சைக்கும் தலையின் எண்ணெய்ப் பசைக்கும் உள்ள உறவால் வருவது இது. வறட்சி என்று எண்ணித் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற வைத்தால் சிலருக்குக் கூடத்தான் செய்யும். கீட்டோகொனசோல் கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை, நுரையோடு சில நிமிடம் விட்டு அலசினால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். பொடுகை ஈரென்று எண்ணுவோரும் உண்டு: தட்டினால் உதிர்வது பொடுகு, இழுத்தாலும் வராதது ஈர்.

தலைமுடிச் சாயம் இன்னொன்று. பல ஆண்டு போட்டவருக்கும் திடீரென்று ஒவ்வாமல் போகலாம். நெற்றியோரம், காது, பிடரியில் சிவந்து அரிக்கும். பிள்ளைகளுக்கு வட்டமாக முடி ஒடிந்து உதிர்ந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு வெளிப்பூச்சு போதாது, உட்கொள்ளும் மருந்து தேவை. தடித்த வெள்ளிச் செதில் படிந்தால் காளாஞ்சகப்படையா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கை ஒருமுறையாவது தலைக்குப் போயிருக்கும். பேன் என்ற பேச்சே அரிப்பை வரவழைக்கும். அது மனித இயல்பு. ஆனால் சிலருக்கு, குறிப்பாகத் தனிமையில் இருக்கும் மூத்தோருக்கு, இந்த எண்ணம் மாதக்கணக்கில் நீங்குவதில்லை. பாட்டி சீப்பில் வந்த தூசியையும் தோல் பொருக்கையும் டப்பாவில் எடுத்து வைத்துக் காட்டினால், "ஒண்ணும் இல்ல, சும்மா இருங்க" என்று அதட்டாதீர்கள். அவருக்கு அந்த அரிப்பு உண்மை. அதே சமயம், அவர் மனம் ஆறட்டும் என்று பேன் மருந்தைப் போட்டுவிடுவதும் தவறு. அருகில் உட்கார்ந்து, வெள்ளைத் தாள் விரித்து, முன்பு சொன்னபடி வாரிக் காட்டுங்கள். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, உட்கொள்ளும் சில மாத்திரைகள், வயதினால் தோல் வறளுதல் ஆகியவையும் அரிப்பைத் தரும். ஆகவே இரண்டு வாரம் வாரியும் ஒன்றும் கிடைக்காமல் அரிப்பு நீடித்தால், அல்லது தலையில் புண்ணோ சீழோ கண்டால், அரசு சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும்போது வீட்டில் அவர் தலையில் போட்ட எண்ணெய், ஷாம்பூ, சாயம், மருந்து, நாட்டு மருந்துப் பொடி அனைத்தையும், உட்கொள்ளும் மாத்திரைகளோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்குப் பாதி விடை அந்தப் பையிலேயே கிடைத்துவிடும்.