மாட்டுக்கு டாக்டர் வருகிறார்... டாக்டருக்கு யார்?

2024 டிசம்பர் 1-ம் தேதி காலை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். மழைக் கணக்கு வெளியானபோது எல்லோரும் ஒரு ஊரின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். விழுப்புரம் மாவட்டம், மயிலம். ஒரே நாளில் 51 செ.மீ. மழை!

தண்ணீர் வடியத் தொடங்கியதும் அரசு நிவாரணம் அறிவித்தது. பசு, எருது இறந்திருந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. இதுபோன்ற இழப்பீட்டுக்குக் கால்நடை மருத்துவர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். உப்பிப்போய்க் கிடக்கும் உடலைப் பார்த்து, வயது, ஈத்து எல்லாம் கேட்டு எழுத வேண்டும். பக்கத்தில் மாட்டுக்காரர் வீட்டுப் பெண் அழுதுகொண்டிருப்பார். அந்த மாட்டுக்குச் சினை ஊசி போட்டதும், தலைச்சன் கன்றை இழுத்து எடுத்ததும்கூட அதே டாக்டராக இருக்கலாம். எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

மாட்டை இழந்தவருக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும். அந்த டாக்டரிடம் 'நீங்க சாப்பிட்டீங்களா?' என்று கேட்கிறவர்கள் குறைவு.

புயல் இல்லாத நாளும் லேசானதல்ல. காலையில் கால்நடை மருந்தகம், பிறகு தடுப்பூசி முகாம், நடுவில் பதிவேடு, இரவு 11 மணிக்கு, 'சார், கன்று தலை திரும்பிக் கிடக்கு' என்று ஒரு போன். தோள்வரை கையை உள்ளே விட்டு, ஒரு மணி நேரம் போராடி எடுத்த கன்று செத்துப் பிறந்தால், 'டாக்டர் லேட்டா வந்தார்' என்ற பேச்சு காலை டீக்கடைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். 5,000 மாட்டு அலகுகளுக்கு ஒரு மருத்துவராவது வேண்டும் என்று தேசிய விவசாய ஆணையம் சொன்னது 1976-ல். ஆணையம் கணக்கில் சேர்க்காத ஒன்று, அந்த 5,000-க்குப் பின்னால் இருக்கும் குடும்பங்களின் கண்ணீர்.

அமெரிக்கா எண்ணிப் பார்த்தது

இந்தப் பாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எண்ணிப் பார்த்திருக்கிறது. 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை அலசி, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால், தற்கொலையால் இறப்பது ஆண் கால்நடை மருத்துவர்களிடம் 2.1 மடங்கு, பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்கு அதிகம். நீண்ட வேலை நேரம், கடன், வாடிக்கையாளர்களின் கோபம், காப்பாற்ற முடியாத பிராணிகளுக்குத் தன் கையாலேயே ஊசி போட்டு முடித்துவைக்கும் வேலை... இப்படிப் பல காரணங்கள் பேசப்படுகின்றன.

பிறர் துயரத்தைத் தினமும் சுமந்து சுமந்து மனம் மரத்துப்போவதை 'இரக்கச் சோர்வு' என்கிறார்கள் உளவியலாளர்கள். இது சோம்பேறித்தனமும் அல்ல, வேலை பிடிக்காமல் போவதும் அல்ல. மிருகங்கள் மேல் பிரியம் வைத்து இந்த வேலைக்கு வந்தவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது.

அங்கே பெரும்பாலும் நாய், பூனை. மயிலம், திண்டிவனம் பக்கம் மாடு என்பது பால் பணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கூட்டுறவுச் சங்கத்துக் கடன் தவணை. 'எப்படியாவது காப்பாத்துங்க சார்' என்று கெஞ்சும்போது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எப்படிச் சொல்வது? எலும்பு, நரம்பு, மருந்து எல்லாம் ஐந்தரை வருடப் படிப்பில் வந்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகுவதற்குள் பல மாடுகள் செத்திருக்கும்.

கையுறை போடாத ஒரு நாள்

மனச்சுமையோடு உடம்புப் பயமும் சேர்ந்துகொள்ளும். மாடு எச்சில் ஒழுக நிற்கிறது, தீனி எடுக்கவில்லை. 'தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு' என்பார் மாட்டுக்காரர். அது வெறிநோயாகவும் இருக்கலாம். கையை வாய்க்குள் விட்ட பிறகு சந்தேகம் வந்தால் டாக்டர், உதவியாளர், மாட்டுக்காரர் எல்லோருமே ஊசி போட்டுக்கொள்ள ஓட வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் முன்கூட்டியே மூன்று தவணை வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். முதல் நாள், 7-ம் நாள், அப்புறம் 21 அல்லது 28-ம் நாள். டாக்டரைவிட உதவியாளர்கள்தான் இதைத் தள்ளிப்போடுகிறார்களோ என்னவோ, அவர்களையும் கையோடு அழைத்துப்போவது நல்லது.

அடுத்தது கன்று வீச்சு நோய். விழுந்த கருவையும் தங்கிவிட்ட நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொட்டால் கிருமி மனிதருக்கும் வரும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரி வியர்வை, காரணமில்லாத சோர்வு. மாதக்கணக்கில் இழுக்கும். 'வேலை அலுப்பு' என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறவர்கள், மருத்துவரிடம் தாங்கள் என்ன வேலை பார்க்கிறோம் என்பதையும் சொல்லி ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்.

தூக்கம் கெடுவது, வீட்டில் எரிந்து விழுவது, போன் மணி அடித்தாலே வயிற்றைக் கலக்குவது, மாடு செத்தாலும் பிழைத்தாலும் ஒன்றும் தோன்றாமல் இருப்பது. இரண்டு மூன்று வாரங்கள் இப்படியே போனால் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். முதலில் கூடப் படித்தவரிடம். செத்துப்போன கன்றைப் பற்றி இன்னொரு கால்நடை மருத்துவரிடம் சொன்னால், விளக்கம் சொல்லாமலே புரியும். பிரிட்டனில் இதற்கென்றே 'வெட்லைஃப்' என்ற அமைப்பு தொலைபேசி உதவி நடத்துகிறது. நம் ஊரில் 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104-ஐயும் அழைக்கலாம்.

பக்கத்து மருந்தக டாக்டரோடு பேசி, இரவு அழைப்புகளை வாரத்தில் இரண்டு நாளாவது மாற்றிக்கொள்ள முடிந்தால் அதுவே பெரிய மருந்து. கால்நடைகளுக்கான 1962 என்ற எண் இருப்பதை மாட்டுக்காரர்களுக்குச் சொல்லிவைத்தால், எல்லா அழைப்பும் ஒரே செல்போனுக்கு வராது.

மாடு வைத்திருப்பவர்களும் ஒன்று செய்யலாம். சாயங்காலமே மாடு தவிக்கத் தொடங்கிவிட்டால், நள்ளிரவு வரை கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே போன் செய்யுங்கள். டாக்டர் வருவதற்குள் ஒரு வாளி வெந்நீர், சோப்பு, கொட்டகையில் நல்ல வெளிச்சம், மாட்டைப் பிடிக்க இரண்டு ஆள் தயாராக இருக்கட்டும். கன்று பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், கை கழுவி வருகிறவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்து, உட்காரவைத்து அனுப்புங்கள்.