கைதிகளுக்கு நடை தந்த பாண்டு

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்து வாழும் நம்மவர்க்கு இராணுவப் பாண்டு வாத்தியம் புதிதன்று. 1780ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமை நிலையம் அங்கேதான் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எனப் பல மொழி பேசும் இளைஞர்கள் அங்கே பயிற்சி பெறுகின்றனர். பெரிய முரசின் அடி விழுந்ததும் அனைவருடைய இடக்காலும் ஒருங்கே ஊன்றுகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 அடி. சொல் விளங்குமுன்னரே தாளம் காலுக்கு விளங்கிவிடுகிறது.

படைக்குப் பாண்டு எதற்கு? அணிவகுப்பை அழகு செய்வதற்கு மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது. தோற்று, ஆயுதம் இழந்து, மனம் ஒடிந்த வீரனை மீண்டும் நிமிர்ந்து நடக்கச் செய்வதும் அதன் பணியாகும். இதற்குச் சிங்கப்பூரில் நிகழ்ந்த வரலாறே சான்று.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ 40,000 இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் திடலில் திரட்டப்பட்டனர். ஆங்கில அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானியர் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தனர். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோர் கைதி நிலை நீங்கி வீரராயினர். சேர மறுத்தோரும் பல்லாயிரவர். அவர்கள் முகாம்களில் துன்புற்றனர். நியூகினித் தீவு வரை கொண்டு செல்லப்பட்டு மடிந்தோரும் உண்டு. ஆகவே, வெளிவந்தோர் பெற்ற விடுதலையின்மீது ஜப்பானியரின் நிழல் படிந்தே இருந்தது. தாம் எவருடைய படை என்ற கேள்வி அவர்களை வாட்டியிருக்குமன்றோ?

அக்கேள்விக்கு இசையால் விடை தந்தவர் ராம் சிங் தாக்குரி. தர்மசாலாவுக்கு அருகில் 1914இல் பிறந்த இவர், சிறுவனாகவே கூர்க்காப் படையின் பாண்டில் சேர்ந்தவர். மலேயாப் போரில் தாமும் கைதியானவர். இந்திய தேசிய இராணுவத்தின் வாத்தியக் குழுவுக்கு இவரே தலைவரானார். 1943இல் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்தார். ‘கதம் கதம் படாயே ஜா’ என்ற நடைப்பாட்டுக்கு மெட்டமைத்தவர் இவரே. தாகூரின் ‘ஜன கண மன’ மெட்டைத் தழுவித் தற்காலிக அரசின் தேசிய கீதத்திற்கு இசை வகுத்தவரும் இவரே.

அப்படையில் கைதிகள் மட்டுமா இருந்தனர்? மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் வந்து சேர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் துப்பாக்கி பிடித்தறியாதவர், இந்துஸ்தானியும் அறியாதவர். பஞ்சாபியரும் கூர்க்கரும் தமிழரும் ஒரே அடியில் நடப்பதற்கு மெட்டும் முரசுமே பொதுமொழியாயின.

1945இல் ஜப்பான் பணிந்தது. அப்படையினர் இரண்டாம் முறையாகக் கைதிகளாயினர். இம்முறை ஆங்கிலேயரின் கைதிகள். செங்கோட்டையில் விசாரணை நடந்தது. மக்களின் கொந்தளிப்பைக் கண்ட அரசு, முதலில் தண்டிக்கப்பட்ட மூன்று அதிகாரிகளையும் 1946 ஜனவரியில் விடுவித்தது. அவர்களுடைய நடைப்பாட்டோ இராஜத்துரோகமெனத் தடை செய்யப்பட்டது. 1947இல் அத்தடை நீங்கியது. அவ்வாண்டு நாடு விடுதலை பெற்றபோது, செங்கோட்டையில் வாசிக்குமாறு ராம் சிங்கின் குழு அழைக்கப்பட்டது. பின்னர் அவர் லக்னோவில் ஆயுதப் போலீஸ் பாண்டை நடத்தி, 2002இல் காலமானார்.

கைதிகளாயிருந்தோர் நடந்த அந்த மெட்டை இன்று இந்திய இராணுவத்தின் பாண்டுகளே வாசிக்கின்றன. அயல்மொழி சூழ்ந்த ஊர்களில் வாழும் நாம், அடுத்த முறை அம்முரசொலியைக் கேட்கும்போது, கொடியும் நாடும் இன்னதெனத் தெளியாத நாளில் சிலருடைய முதுகை அது நிமிர்த்தியது என்பதை நினைவிற் கொள்வோமாக.