லாச்சிக்குள் கிடந்த காது மெசின்

எங்கள் அம்மாவின் முதலாவது காது மெசின் வாங்கி மூன்று கிழமைக்குள் லாச்சிக்குள் போய்விட்டது. இங்கே ஜேர்மனியில், பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் காசு சேர்த்து, கடையில் இருந்ததிலேயே விலை கூடியதைத்தான் எடுத்தோம். "சத்தமெல்லாம் நல்லாக் கேக்குது தம்பி, கதைதான் விளங்கேல்லை" என்று அம்மா சொன்னபோது, வயது போனவர்கள் புதிய சாமான்களுக்குப் பழகமாட்டார்கள் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பிழை அம்மாவில் இல்லை என்று எங்களுக்கு விளங்க இரண்டு வருடம் சென்றது. அதற்கிடையில் அவர் பேரப்பிள்ளைகளுடன் தொலைபேசியில் கதைப்பதை விட்டுவிட்டார். கலியாண வீடுகளுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் "கால் நோகுது" என்பார்.

சத்தம் கேட்கிறது, கதை விளங்கவில்லை என்பது தடுமாற்றப் பேச்சு அல்ல. மிகச் சரியான நோய்க்குறிப்பு அது. வயதோடு வரும் கேட்டல் குறைவு பெரும்பாலும் மேல் தொனிகளிலேயே தொடங்கும். உயிரொலிகள் கீழ்த் தொனியில் பலமாக ஒலிப்பவை; மெய்யொலிகளில் பல மெலிந்தவை, மேல் தொனியில் இருப்பவை. கடை, சடை, தடை, படை, வடை என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தின் மெய் போய்விட்டால் ஐந்தும் ஒன்றுதான். நாம் கத்திக் கதைத்தாலும் உயிரொலிதான் இன்னும் பெரிதாகிறது. வடையா கடையா என்பது அப்போதும் தெரியாது. தொழிற்சாலை இரைச்சலில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கும் செல், குண்டு வெடிப்புக்கு அருகில் அகப்பட்டவர்களுக்கும் இதே குறைபாடு நாற்பது வயதிலேயே வரக்கூடும். வன்னியிலிருந்து வந்தவர்கள் இதைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

டிஜிட்டல் கருவி பொதுவான ஒலிபெருக்கி அல்ல. வரும் ஒலியைத் தொனி வாரியாகப் பிரித்து, எந்தத் தொனியில் எவ்வளவு குறைகிறதோ அந்த இடத்தை மட்டும் உயர்த்துகிறது. ஏற்கெனவே பலமாக வரும் ஒலியை அமுக்கிக் கொடுக்கிறது. எந்த இடம், எவ்வளவு என்பதைக் கணனி மூலம் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுப்பது சோதனைத் தாளைப் பார்த்து. தாள் பிழையென்றால் எத்தனை ஆயிரம் யூரோ கொடுத்து வாங்கினாலும் கருவி பிழையாகத்தான் வேலை செய்யும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

சோதனையில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது தொனிச் சோதனை. காதில் மெல்லிய "பீப்" ஒலி வரும். கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இதற்கு மொழி தேவையில்லை. ஆனால் எம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: நிச்சயமாகக் கேட்டால்தான் அழுத்துவார்கள், பிழையாக அழுத்தினால் மரியாதைக் குறைவு என்பதுபோல. கேட்டது மாதிரி இருந்தாலே அழுத்தச் சொல்லி முதலே வீட்டில் பழக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளதைவிடக் கூடிய குறைபாடு தாளில் ஏறிவிடும். கருவி பிறகு காதைக் கிழிக்கும்.

இரண்டாவது சொற்சோதனை. ஜேர்மனியில் பிரைபுர்க் சோதனை என்ற ஒன்றை வைக்கிறார்கள். ஓரசைச் சொற்களையும் இரட்டை இலக்க எண்களையும் ஒலிக்கவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். கருவிக்கான மருத்துவச் சிட்டை கிடைப்பதற்கு இந்தப் புள்ளியும் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஜேர்மன் மொழி அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் இதில் தோற்பது காதினாலா மொழியினாலா என்று தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அம்மா அன்றைக்குப் பாதிச் சொற்களுக்குச் சும்மா சிரித்துவிட்டு இருந்திருக்கிறார். இந்தச் சங்கடம் சோதனை வைக்கும் எந்த நாட்டிலும் வரும். ஆகவே, மொழி தெரியாதவர் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லி, தொனிச் சோதனையை முதன்மையாக எடுக்கும்படி கேளுங்கள். பிரித்தானியாவில் என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அம்மாவுக்கு எல்லாம் ஓகே" என்று நீங்கள் பதில் சொல்லாதீர்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

கருவியைப் பொருத்தும்போது காதுச் சவ்வுக்கு அருகில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, காதுக்குள் உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளக்கலாம். எல்லாக் கடைகளிலும் இதைச் செய்வதில்லை. செய்யுமாறு கேட்டு வாங்க வேண்டும். இதற்கு உலகெங்கும் பயன்படுத்தும் பேச்சு ஒலியொன்று அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளைக் கலந்து செய்யப்பட்டது. தமிழ் அதில் இல்லை. அதனால் இரண்டாவது தடவை நாங்களே தமிழைக் கொண்டுபோனோம். தங்கை அம்மாவுக்குப் பின்னால் நின்று, உதடு தெரியாமல், கடை, சடை, வடை என்று மெதுவாகச் சொன்னாள். அம்மா எதைத் தவறவிடுகிறார் என்று எழுதிக் கொடுத்தோம். பொருத்துநர் முதலில் சிரித்தார், பிறகு அதை வைத்தே மேல் தொனியைத் திருத்தினார்.

இனி விலைக்கு வருவோம். ஜேர்மனியில் மருத்துவச் சிட்டை இருந்தால் மேலதிகக் கட்டணம் இல்லாத கருவி ஒன்றைக் கடை காட்டியே ஆகவேண்டும். நாம் கட்டுவது கருவிக்கு 10 யூரோ மட்டும். அதுவும் டிஜிட்டல் கருவிதான். பொதுவாக 6 வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். பிரான்சில் 2021 இலிருந்து முதலாம் வகுப்புக் கருவிகளுக்குக் காப்புறுதியும் துணைக் காப்புறுதியும் சேர்ந்து முழுச் செலவையும் ஏற்கின்றன. பிரித்தானியாவில் என்.எச்.எஸ். கருவியையும் பற்றரியையும் இலவசமாகத் தருகிறது. கனடாவின் ஒன்ராறியோவில் விலையின் 75 வீதம், கருவி ஒன்றுக்கு 500 டொலர் வரை, மாகாண அரசு தருகிறது. முதலில் அந்தக் கட்டணமில்லாத கருவியைச் சில கிழமை போட்டுப் பாருங்கள். விலை கூடியவற்றில் இரைச்சலை வடிகட்டும் திறன் கூட இருக்கும், கைத்தொலைபேசியோடு இணைப்பதும் இலகு. தினமும் வேலைக்கும் கூட்டங்களுக்கும் போகிறவருக்கு அது பெறுமதி. வீட்டிலும் கோயிலிலும் மட்டும் இருப்பவருக்கு எங்கள் அபிப்பிராயத்தில் அவ்வளவு தேவையில்லை.

வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியது கைவிரல். காதுக்குள் மறையும் சின்னக் கருவியைத்தான் எல்லோரும் கேட்பார்கள், வெட்கத்தினால். அதில் போடும் 10 ஆம் இலக்கப் பற்றரி ஒரு பச்சைப்பயறைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மூட்டுவாதம் உள்ள கை என்ன செய்யும்? காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் செம்மஞ்சள் ஒட்டியுள்ள 13 ஆம் இலக்கப் பற்றரியோ, இரவில் பெட்டியில் வைத்துச் சார்ஜ் ஏற்றும் வகையோ சுகம். தலைக்கு நல்லெண்ணெய் வைக்கும் நாளில் கருவியைக் கழற்றிவிட வேண்டும், எண்ணெய் ஒலிவாங்கியின் துவாரத்தை அடைத்துவிடும். கருவி திடீரென்று மௌனமானால் முதலில் காதுக் குடும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கருவியில் "ரி" என்ற சுருள் வசதி உண்டா என்றும் கேட்டு அதைத் திறந்து வையுங்கள். காதுப் படமும் அந்த எழுத்தும் ஒட்டியிருக்கும் மண்டபங்களில் ஒலிவாங்கியில் பேசுவது நேரே கருவிக்குள் வரும். எமது கோயில் மண்டபங்களுக்கும் இதைப் போடலாம், நிர்வாகத்திடம் யாராவது கேட்கவேண்டும்.

புதிய கருவியோடு முதல் நாட்களில் தட்டுமுட்டுச் சத்தம், குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் எல்லாம் பெரிதாக இருக்கும். நெடுநாள் கேட்காததை மூளை மீண்டும் பழகவேண்டும். முதலில் வீட்டில் இரண்டு மணித்தியாலம், பிறகு கூட்டிக்கொண்டே போய், ஒரு மாதத்தில் நாள் முழுவதும். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் லாச்சியைத் திறக்காமல் கடைக்குத் திரும்பிப் போங்கள். திருத்தம் செய்வது அவர்கள் வேலை. நாங்கள் நான்கு தடவை போனோம். அம்மா இப்போது சுவர் மணிக்கூட்டை மற்ற அறையில் மாட்டச் சொல்லி ஆக்கினை தருகிறார்.

ஒரு காதில் மட்டும் குறைவு, காதில் சீழ், தலைச்சுற்று என்றால் கருவிக் கடைக்கு முன் மருத்துவர். ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனை. தாமதித்தால் மருந்து பலிக்காமல் போகலாம். இன்னொன்று, இறந்துபோன அப்பாவின் கருவியை ஊரிலுள்ள மாமாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள், அதை மாமாவின் காதுக்கு ஏற்ப மாற்றி எழுதக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் கருவி அங்கேயும் ஒரு லாச்சிக்குள்தான் போகும்.