எந்த வலிக்கு எந்த டாக்டர்?

நடுவர் அவர்களே! "ஸ்பெஷலிஸ்ட் இருக்க, பொது மருத்துவர் எதுக்கு?"ன்னு எதிரணி நண்பர் கேட்டார்.

பழவேற்காட்டு ஏரியில வலை இழுக்கிறவருக்கு இடது தோள் வலி. வலை இழுத்த வலின்னா எலும்பு டாக்டர். வியர்த்துக் கொட்டி, நெஞ்சும் அடைச்சா? அது மாரடைப்பா இருக்கலாம், இதய டாக்டர்! வெயிலிலும் உப்புக்காத்திலும் கண்ணில் சதை வளர்ந்தா கண் டாக்டர். சென்னையில் 1819-லேயே கண் ஆஸ்பத்திரி வந்தாச்சு. தண்ணிக்குள்ள கையால தடவி இறால் பிடிக்கிற அம்மாவுக்கு விரலெல்லாம் புண்ணானா தோல் டாக்டர்.

இத்தனை பேர்ல யாருகிட்ட போகணும்னு பிரிச்சுச் சொல்றது யாருங்க? நாடி பிடிச்சு, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிற பொது மருத்துவர்! தப்பான டாக்டரைத் தேடி ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சென்னைக்குப் போனா, ஒரு நாள் பாடு போச்சு. மாரடைப்புன்னா உயிரே போச்சு!

ஆகவே, முதல் மரியாதை பொது மருத்துவருக்கே.