மடுவத்திலிருந்து ஒப்பீசுக்கு: இடிக்கு அஞ்சாத கண்ணாடி வழி

மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. குறித்த கிலோ கொழுந்து நிறையில் விழுந்தால் அன்றைக்குப் பேர், குறைந்தால் அரைப்பேர். முன்னர் கொழுந்து மடுவத்தில் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துச் சொல்வார், கொப்பியில் எழுதுவார். கழிவு பற்றிய சச்சரவும் அங்கேயே நடந்து முடியும். இலத்திரனியல் தராசு வந்த தோட்டங்கள் சிலவற்றில், நிறை ஒரு வயர் வழியாக நேரே ஒப்பீசிலுள்ள கணனிக்குப் போய்விடுகிறது. வழியில் அந்த எண் கெட்டுப்போனால் கெடுவது ஒரு பெண்ணின் நாட்சம்பளம். ஆகவே இது பொறியியலாளர்கள் மட்டும் பேசவேண்டிய விடயம் என்று நாம் நினைக்கவில்லை.

நக்கிள்ஸ் மலைச்சாரலில் உள்ள ஒரு தோட்டத்துக்கு நாம் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே மடுவம் கீழே ஸ்டோருக்குப் பக்கத்தில். ஒப்பீஸ் மேலே, பாதை வளைந்து ஏறும் இடத்தில். இரண்டுக்கும் இடையில் முந்நூறு மீற்றர் வரை இருக்கும். தராசையும் கணனியையும் முதலில் சாதாரண வயரால் இணைத்தார்கள். எண்கள் இடைக்கிடை பிசகின. பின்னர் அதைவிடத் திறமான வேறு வகை இணைப்புப் போட்டார்கள். பிசகல் நின்றது. ஆனால் ஏப்ரல் மாதம் பின்னேர இடி ஒன்று விழுந்தது. தராசின் பலகையும் கணனியின் பலகையும் ஒரே நேரத்தில் கருகின. திருத்திப் பூட்டி ஒரு மாதம் ஆகவில்லை, மறுபடியும் அதே கதை. அந்த நாட்களின் நிறைகளைத் துண்டுகளிலிருந்து பொறுக்கி எழுதவேண்டியிருந்தது. யாருடைய துண்டு தொலைந்ததோ அவர்களுடைய கணக்கு இழுபறியாயிற்று.

எண் எப்படிப் போகிறது?

தராசு 19 கிலோ என்று காட்டும்போது அந்த 1 ஐயும் 9 ஐயும் தனித்தனியே அனுப்புகிறது. ஒவ்வொரு இலக்கமும் பூச்சியமும் ஒன்றுமாக ஒரு சிறு வரிசையாக மாற்றப்பட்டு, ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் நடப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இதனால்தான் இதைச் சீரியல் இணைப்பு என்கிறார்கள். 9 என்ற இலக்கம் 0111001 என்று போகிறது. 1 என்ற இலக்கம் 0110001. நன்றாகப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். வழியில் அந்த ஓர் இடம் தவறினால் 19 கிலோ 11 கிலோவாகிவிடும்! அந்தத் தோட்டத்தில் பேருக்கு வேண்டியது 18 கிலோ.

இதைப் பிடிப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வரிசையுடனும் சரிபார்ப்புக்காக மேலதிகமாக ஓர் இலக்கத்தை அனுப்பலாம். ஓர் இடம் மட்டும் தவறினால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நாம் போன தோட்டத்தில் அந்த வசதி தராசில் இருந்தும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. பூட்டியவர் அதைக் கவனிக்கவில்லை, கேட்பதற்கும் ஆளில்லை.

செம்பு வயர் ஏன் தோற்கிறது?

ஆர்.எஸ்.232 என்ற பழைய முறையில், 'ஒன்று' என்றால் வயரில் மூன்று வோல்ட்டுக்குக் குறையாத மறை மின்னழுத்தம், 'பூச்சியம்' என்றால் அதே அளவு நேர் மின்னழுத்தம். மேசையிலுள்ள இரண்டு கருவிகளை இணைப்பதற்காக உருவானது இது. 1969இல் அதன் மூன்றாவது திருத்தப் பதிப்பு வெளிவந்தது. ஏறத்தாழ 15 மீற்றருக்கு மேல் இதை நம்பமுடியாது. வயர் நீளும்போது துடிப்புகளின் ஓரம் மழுங்கும். பக்கத்திலுள்ள மோட்டாரின் இரைச்சலும் உள்ளே ஏறும். ஸ்டோரில் மோட்டார்களுக்கா குறைவு?

1983இல் வந்த ஆர்.எஸ்.485 முறை இதைவிடக் கெட்டித்தனமானது. இரண்டு வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் வாசிக்கிறது. இரைச்சல் இரண்டிலும் ஒரேயளவாக ஏறுவதால் வித்தியாசம் மாறாது. 1200 மீற்றர் வரை போகலாம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு முனைகளிலும் உள்ள பூமியின் மின்னழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். சில வோல்ட்டுகள் வரைதான் தாங்கும். அதற்குமேல் போனால் உள்ளே இருக்கும் சில்லு எரிந்துவிடும்.

பூமி எல்லா இடத்திலும் பூமிதானே என்று நீங்கள் கேட்கலாம். மின்னல் ஒரு மரத்திலோ கம்பத்திலோ இறங்கும்போது ஆயிரக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் மண்ணுக்குள் பாய்கிறது. அந்தக் கணத்தில் மடுவத்தின் கீழுள்ள மண்ணுக்கும் ஒப்பீசின் கீழுள்ள மண்ணுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழலாம். இரண்டையும் ஒரு செம்பு வயர் இணைத்திருந்தால் மின்னோட்டத்துக்கு அது நல்ல பாதை. நேரே தலையில் விழவேண்டும் என்பதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். எமது மாவட்டத்தில் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களின் பின்னேரங்கள் எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மின் நிலையங்களில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. பொல்கொல்லவில் மறிக்கப்படும் மகாவலி நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் மலையைக் குடைந்து உக்குவளைக்கு வந்து, 1976 முதல் அங்கே சுழலிகளைச் சுற்றுகிறது. பிறகு சுது கங்கையில் இறங்கி அம்பன் கங்கை வழியாகப் போவத்தென்னவுக்குப் போகிறது. அங்கே ஒரு பங்கு கலாவெவப் பக்கம் திரும்புகிறது. இவ்வாறான வேலைத்தலங்களில் நீர்மட்டம், கதவின் நிலை, இயந்திரத்தின் வெப்பம் எல்லாம் தூரத்திலுள்ள கட்டுப்பாட்டறைக்குப் பிழையின்றிப் போய்ச்சேர வேண்டும். உயர் அழுத்தக் கம்பியில் பழுது ஏற்பட்டு மின்சாரம் பூமிக்குள் பாய்ந்தால், நிலையத்தின் நிலமே உயர்ந்த மின்னழுத்தத்துக்குப் போய்விடும். அதனால்தான் உலகெங்கும் மின் நிலையங்களில் இத்தகைய செய்திகளைக் கண்ணாடி இழையில் அனுப்புகிறார்கள்.

கண்ணாடி வழி

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இதில்தான் முழு இரகசியமும் இருக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மாற்றிப் பெட்டி. அது வயரில் வரும் துடிப்பை ஒளித்துடிப்பாக்குகிறது. ஒப்பீசில் இன்னொரு பெட்டி ஒளியை மறுபடி மின்துடிப்பாக்குகிறது. தராசுக்கும் கணனிக்கும் இடையில் இப்படியொன்று நடக்கிறது என்பதே தெரியாது. புதிய தராசோ புதிய மென்பொருளோ வேண்டியதில்லை.

இழை தலைமுடியளவு தடிப்பம்தான், ஒரு மில்லிமீற்றரில் எட்டிலொரு பங்கு. ஷங்காயில் பிறந்து இங்கிலாந்தில் ஆய்வு செய்த சார்ள்ஸ் காவோ, கண்ணாடியிலுள்ள அழுக்கை நீக்கினால் ஒளி கிலோமீற்றர் கணக்கில் போகும் என்று 1966இல் எழுதினார். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அப்படியான இழையைச் செய்துகாட்டினர். காவோவுக்கு நோபல் பரிசு 2009இல்தான் கிடைத்தது. இன்று மலிவான மாற்றிப் பெட்டியும் பல்வழி இழையும் சேர்ந்தாலே இரண்டு கிலோமீற்றர் வரை சீரியல் செய்தி போகும். ஒருவழி இழையானால் இருபது கிலோமீற்றரும் தாண்டும். தோட்டத்துக்கு முதலாவதே தாராளம்.

கம்பியில்லாமல் வானொலி அலையில் அனுப்பினால் என்ன என்று ஒரு இளைஞர் எம்மிடம் கேட்டார். அதுவும் இரண்டு இடங்களையும் செம்பால் இணைக்காது, உண்மைதான். ஆனால் அன்டெனாவை உயரத்தில் ஏற்றவேண்டும். மின்னல் தேடுவதும் உயரத்தைத்தான். நிலையாக இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு இழையே மேல் என்பது எமது அபிப்பிராயம்.

போடும்போது

எலி, முள்ளம்பன்றிக்குப் பயந்து பலர் இரும்புக் கவசமிட்ட கேபிளை வாங்குகிறார்கள். இடிக்காகத்தான் கண்ணாடிக்கு மாறுகிறோம். அதற்கு இரும்புச் சட்டை போட்டால் மின்னல் அந்தச் சட்டை வழியே வரும். உலோகமே இல்லாத கேபிளை வாங்கி, அல்கத்தீன் குழாய்க்குள் விட்டு, மண்வெட்டி படாத ஆழத்தில் புதையுங்கள். ஒன்று போக, ஒன்று வர என்று இரண்டு இழை போதும். ஆனால் நான்கு இழை உள்ளதை வாங்கினால் ஒன்று முறிந்தாலும் மறுபடி தோண்டவேண்டியதில்லை. இழையை ஒட்டும் இயந்திரம் எல்லாரிடமும் இராது. ஆகவே தூரத்தை அளந்து, சற்றுக் கூட்டி, முனைகள் பூட்டிய நிலையிலேயே எடுப்பது நல்லது. கேபிளைக் கூராக மடிக்கக்கூடாது. முனைமூடியைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்றவேண்டும். தேயிலைத் தூசு ஒரு துளி போதும் ஒளியை மறைக்க. வேலைசெய்யும் இழையின் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கவே வேண்டாம். அந்த ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

பெட்டிகளுக்கு மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரம் வருவது செம்பில். அந்த வழியாக இடி வரலாம். இரண்டு கட்டடங்களிலும் நல்ல ஏர்த்தும், மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவியும் இல்லாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

நாம் சொன்ன தோட்டத்தில் இழை போட்டு நன்றாகவே ஓடியது. ஆனால் பழைய செம்பு வயரை, அவசரத்துக்கு உதவும் என்று, கணனியின் பின்புறத்தில் பூட்டியபடியே விட்டிருந்தார்கள். ஒக்டோபரில் இடி விழுந்தது. கணனி மறுபடியும் போயிற்று. இழைமீதுதான் எல்லோரும் குறை சொன்னார்கள். வயரைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. அதைக் கழற்றிச் சுருட்டி எடுத்தபின் இன்றுவரை எதுவும் எரியவில்லை.

இழை செய்யாத வேலையும் உண்டு. தராசு பிழையாக நிறுத்தால் கண்ணாடி அந்தப் பிழையைத்தான் பத்திரமாகக் கொண்டுபோகும். அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை தராசில் இருக்கிறதா, அது எந்த வருடத்தினது என்று பார்க்கச் சொல்லுங்கள். தராசின் முகம் நிறுப்பவரை மட்டுமல்லாமல் கூடையோடு நிற்பவரையும் பார்க்கவேண்டும். அந்தத் தோட்டத்தில் இப்போது சரிபார்ப்பு இலக்கத்தைத் திறந்துவைத்திருக்கிறார்கள். மடுவத்திலேயே நிறை அச்சான துண்டும் கொடுக்கிறார்கள். மாத முடிவில் பெண்கள் சிலர் அந்தத் துண்டுகளை ஒப்பீஸ் பட்டியலோடு ஒத்துப்பார்க்கிறார்கள். நாம் போன மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. ஈரக்கழிவு எத்தனை கிலோ என்ற சச்சரவு மட்டும் இன்னும் தீரவில்லை.