இணையவழியில் ஆற்றுப்படுத்தல் கல்வி: அறிமுகக் கோட்பாடுகளும் திறன்களும்

ஆற்றுப்படுத்தல் என்பது மனச்சுமை, உறவுச் சிக்கல், கல்வி அல்லது தொழில் குறித்த தடுமாற்றம் போன்றவற்றோடு வரும் ஒருவர், பயிற்சி பெற்ற இன்னொருவரின் துணையுடன் தம் நிலையைத் தெளிவாகப் பார்த்துத் தமக்கான முடிவைத் தாமே எடுக்க உதவும் உரையாடல் முறையாகும். தமிழ்நாட்டில் இது மனநல ஆலோசனை என்றும், இலங்கையில் உளவளத்துணை என்றும் வழங்குகிறது. உதவி தேடி வருபவரை இலங்கை வழக்கில் துணைநாடி என்பர். பொருத்தமான சொல் என்பதால் இக்கட்டுரையும் அதையே பயன்படுத்துகிறது.

'ஆலோசனை' என்ற சொல் சற்றுத் திசைதிருப்பக்கூடியது. ஆலோசனை என்றதும் அறிவுரை நினைவுக்கு வருகிறது. 'கவுன்சிலிங்' என்றாலோ தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் மாணவர் சேர்க்கை. இணையவழிக் கல்லூரிப் பாடத்தில் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே கைவிட வேண்டிய எண்ணம், வந்தவருக்குச் சரியான வழியைச் சொல்லி அனுப்புவதே இத்தொழில் என்பதாகும்.

பாடம் தொடங்கும் இடம்

இத்துறையின் வரலாறு பெரும்பாலும் பிராங்க் பார்சன்ஸிடமிருந்து தொடங்குகிறது. அவர் 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை அமைத்தார். ஒருவர் தம்மை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பதே அவருடைய முறை. அதே ஆண்டில் அவர் இறந்தார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. ஆற்றுப்படுத்தல் நோயைக் குணப்படுத்தும் மருத்துவத்திலிருந்து மட்டும் கிளைத்ததன்று, வேலை தேடி அலைந்த இளைஞர்களின் தேவையிலிருந்தும் பிறந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

அறிமுகப் பாடம் வழக்கமாக இரண்டு இழைகளாகச் செல்லும். ஒன்று கோட்பாடுகள்: மனிதர் ஏன் துன்புறுகிறார், எப்படி மாறுகிறார் என்பதற்கான விளக்கங்கள். மற்றொன்று திறன்கள்: எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது. முதலாவதைப் புத்தகத்திலிருந்தும் காணொலி விரிவுரையிலிருந்தும் கற்கலாம். இரண்டாவதை அப்படிக் கற்க இயலாது. நீச்சலைப் போல அதில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

கோட்பாடுகள்

சிக்மண்ட் பிராய்டு (1856–1939) வகுத்த உளப்பகுப்பாய்வு, நம் நடத்தையின் வேர்கள் நாம் அறியாத மனப்பகுதியிலும் குழந்தைப் பருவ அனுபவத்திலும் உள்ளன என்கிறது. அறிமுகப் பாடத்தில் இது வரலாற்றுப் பின்னணியாகவே இடம்பெறும். முறையான உளப்பகுப்பாய்வுக்கு நீண்ட காலப் பயிற்சி தேவை.

தொடக்கநிலை மாணவருக்கு அதிகம் பயன்படுபவர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). 1942இல் வெளியான நூலில் அவர் துணைநாடியின் பேச்சை மையப்படுத்தும் அணுகுமுறையை விளக்கினார். மாற்றம் நிகழத் தேவையான நிலைமைகளை 1957இல் ஒரு கட்டுரையில் தொகுத்தார். அவற்றுள் மூன்று இன்று எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெறுகின்றன. ஆற்றுப்படுத்துநர் போலியின்றி இருத்தல், துணைநாடியை நிபந்தனையின்றி மதித்தல், அவர் உலகத்தை அவருடைய இடத்திலிருந்து உணர்தல். படிக்கும்போது மிக எளிதாகத் தோன்றும் பட்டியல் இது. குடித்துவிட்டு மனைவியை அடித்ததைச் சாதாரணமாகச் சொல்லும் ஒருவர் எதிரில் அமரும்போதுதான் இரண்டாவது நிபந்தனையின் கடினம் புரியும். அங்கே மதிக்க வேண்டியது ஆளை, செயலை அன்று. செயலை ஏற்றுக்கொள்ளாமலே அவர் பேச்சைக் கேட்க முடியுமா என்பதே மாணவர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆல்பர்ட் எல்லிஸ் 1950களின் நடுவில் வேறு பாதையில் சென்றார். நிகழ்வு நேராகத் துன்பத்தைத் தருவதில்லை, நிகழ்வுக்கும் விளைவுக்கும் நடுவே நம்முடைய நம்பிக்கை நிற்கிறது என்றார் அவர். தேர்வில் தோற்றது நிகழ்வு. 'தோற்றவன் எதற்கும் லாயக்கற்றவன்' என்பது நம்பிக்கை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமலிருப்பது விளைவு. ஆரன் பெக் (1921–2021) உளப்பகுப்பாய்வில் பயின்றவர். மனச்சோர்வு கொண்டவர்களிடம் தாமாகவே எழும் எதிர்மறை எண்ணங்களைக் கவனித்து, 1960களில் அறிதல்சார் சிகிச்சையை உருவாக்கினார். இன்று பரவலாக உள்ள அறிதல்–நடத்தை சிகிச்சைக்கு இவ்விருவரின் பணியும் அடித்தளம்.

இக்கோட்பாடுகளின் வேறுபாட்டை ஒரே அமர்வில் உணர்த்த 1965இல் எவரெட் ஷோஸ்ட்ரம் வெளியிட்ட கல்விப்படம் இன்றும் பாடங்களில் காட்டப்படுகிறது. குளோரியா என்ற, விவாகரத்துப் பெற்ற இளந்தாய் ஒருவர் ரோஜர்ஸ், பிரிட்ஸ் பெர்ல்ஸ், எல்லிஸ் ஆகிய மூவரையும் ஒருவர் பின் ஒருவராகச் சந்திக்கிறார். தம் தனிவாழ்வைப் பற்றிச் சிறு மகளிடம் உண்மை சொல்லலாமா என்று ரோஜர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ரோஜர்ஸ் கடைசிவரை பதில் சொல்வதில்லை. முதல்முறை பார்க்கும் மாணவர் பலருக்கு எரிச்சல் வரும். இன்னொரு முறை பார்த்தால், தம் பதிலைத் தாமே நெருங்கிச் செல்லும் பெண்ணை ரோஜர்ஸ் எப்படி விட்டு விலகாமல் தொடர்கிறார் என்பது தெரியவரும்.

எந்தக் கோட்பாடு சிறந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதிய கருத்து இங்கே உதவும். எந்த முறையாயினும் இருவரும் இலக்கில் உடன்படுதல், செய்யவேண்டியவற்றில் உடன்படுதல், இருவருக்கும் இடையிலான பிணைப்பு ஆகிய மூன்றும் அமைந்தாலே பணி நகரும் என்றார் அவர்.

திறன்கள்

ஆலன் ஐவியும் அவருடைய குழுவினரும் 1968இல் நுண்திறன் பயிற்சி முறையை வெளியிட்டனர். 'நன்றாகக் கேள்' என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, கேட்டலைச் சிறுசிறு செயல்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பழக்குவதே இதன் அடிப்படை: கண் பார்வை, குரலின் ஏற்ற இறக்கம், உடல் நிலை, துணைநாடியின் பேச்சுப்பொருளை விட்டு நகராதிருத்தல். பின்னர் திறந்த கேள்வி, சுருக்கிச் சொல்லுதல், உணர்வைப் பிரதிபலித்தல். பயிற்சி பெறுபவர் சில நிமிடங்கள் உரையாடுவார். அது காணொலியில் பதிவாகும். பார்த்துத் திருத்திக்கொண்டு மீண்டும் உரையாடுவார்.

ஓர் எடுத்துக்காட்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டாமாண்டு மாணவி சொல்கிறார்: "ஊருக்குப் போனாலே மார்க் என்ன, மார்க் என்னன்னுதான் கேக்கறாங்க. சாப்பிட்டியான்னுகூட யாரும் கேக்கல."

"உங்க நல்லதுக்குத்தானே கேக்கறாங்க" என்பது சமாதானம். அது அவர் வாயை அடைத்துவிடும். "ஒரு நாள் அப்பாகிட்ட உக்காந்து பேசிப் பாருங்க" என்பது அறிவுரை. அவர் ஏற்கெனவே நான்கு முறை பேசிப் பார்த்திருக்கலாம். "ஏன் அப்படிக் கேக்கறாங்க?" என்ற கேள்வி பேச்சைப் பெற்றோர் பக்கம் திருப்பிவிடுகிறது. "ஊருக்குப் போனா மார்க்கைப் பத்தித்தான் பேச்சு, உங்களைப் பத்திப் பேச்சே இல்ல" என்பது சுருக்கிச் சொல்லுதல். "நம்மள ஒரு ஆளாவே பாக்கலையேன்னு மனசு விட்டுப்போச்சு" என்பது உணர்வைப் பிரதிபலித்தல். கடைசிப் பதிலில் கேள்வியும் இல்லை, தீர்வும் இல்லை. ஆனால் பெரும்பாலும் அதற்குப் பின்னரே அடுத்த செய்தி வெளிவரும்.

பாடநூல்கள் இதற்குத் தரும் ஆங்கில வாய்பாட்டை அப்படியே தமிழாக்கினால், 'இன்ன காரணத்தால் நீங்கள் வருத்தமாக உணர்கிறீர்கள்' என்று வரும். இப்படி யாரும் பேசுவதில்லை. தமிழில் உணர்வு பெரும்பாலும் மனம், நெஞ்சு, வயிறு ஆகியவற்றின் வழியே வெளிப்படுகிறது: 'நெஞ்சு அடைக்குது', 'வயித்தெரிச்சலா இருக்கு', 'மனசு பாரமா இருக்கு', 'வெறுத்துப்போச்சு'. ஒவ்வொன்றும் வேறுவேறு உணர்வு. வயிற்றெரிச்சலில் கோபமும் ஆற்றாமையும் கலந்திருக்கும், மனபாரத்தில் கோபம் இருக்கவேண்டியதில்லை. ஆங்கில வழியில் படிக்கும் தமிழ் மாணவர், உணர்வுச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, தம் வீட்டிலும் தெருவிலும் கேட்கும் இத்தகைய தொடர்களைக் குறிப்பேட்டில் சேர்த்துவைப்பது மிகுந்த பயன் தரும்.

பிரதிபலித்தல் கிளிப்பிள்ளைப் பேச்சாகிவிடும் ஆபத்தும் உண்டு. 1966இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் வைசன்பாம், எலைசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். ரோஜர்ஸ் முறையிலான உரையாடலைப் போல, தட்டச்சு செய்த வாக்கியத்தையே அது கேள்வியாகத் திருப்பித் தந்தது. அது எதையும் புரிந்துகொள்ளவில்லை. இருந்தும் சிலர் அதனிடம் மனம் திறந்தது அவரைக் கலங்கவைத்தது. முதல் மாதப் பயிற்சிப் பதிவுகளில் மாணவர்கள் எலைசாவைப் போலவே ஒலிப்பார்கள். சொன்ன சொற்களைத் திருப்பாமல், சொன்னதன் எடையைத் திருப்பித் தரும்போது அது மாறுகிறது.

திரைவழிப் பயிற்சி

இணையவழிப் பாடத்தில் பொதுவாக மூவர் கொண்ட குழு அமையும். ஒருவர் ஆற்றுப்படுத்துநர், ஒருவர் துணைநாடி, ஒருவர் நோக்குநர். பத்து, பதினைந்து நிமிட உரையாடலைப் பதிவுசெய்து, சொல்லுக்குச் சொல் எழுதி, தாம் சொன்ன ஒவ்வொரு பதிலும் எவ்வகைத் திறன் என்று குறித்து ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இப்பாடத்தில் அதிகம் கற்றுத்தருவது இதுவே. பதிவைப் பயன்படுத்துவதில் ரோஜர்ஸே முன்னோடி: ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிவுசெய்து, ஒரு துணைநாடியோடு நடந்த அமர்வுகள் முழுவதையும் தம் 1942ஆம் ஆண்டு நூலில் எழுத்தாக வெளியிட்டார். அதுவரை மூடிய அறைக்குள் நடந்தது முதல்முறையாகப் பிறர் படித்து ஆராயும் பொருளாயிற்று.

திரை சிலவற்றை மாற்றிவிடுகிறது. எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்தால், நம் பார்வை கேமராவுக்குக் கீழே இறங்கியதாக அவருக்குத் தெரியும். கேமராவைப் பார்த்தால் அவர் முகம் நமக்குத் தெரியாது. உரையாடல் சாளரத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு அருகில் நகர்த்துவது ஓரளவு உதவும். தோளுக்கு மேல் மட்டும் தெரிவதால் பிசையும் கைகளும் ஆடும் கால்களும் கண்ணில் படுவதில்லை. எல்லாவற்றையும்விட மௌனம்தான் பாழாகிறது. நேரில் ஒருவர் பேச்சை நிறுத்தித் தலைகுனிந்தால் காத்திருப்போம். இணையத்திலோ மூன்று நொடிக்குள் "ஹலோ, கேக்குதா?" என்று கேட்டுவிடுகிறோம். 'நீங்கள் யோசிக்கும்போது நான் அமைதியாக இருப்பேன், இணைப்பு அறுந்தால் கையை அசையுங்கள்' என்று தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

துணைநாடியாக நடிப்பவர் எதைப் பேசுவது என்பதும் முக்கியம். முற்றிலும் கற்பனையான சிக்கல் இரண்டு நிமிடத்தில் வற்றிவிடும். ஆறாத காயத்தைத் திறந்தால், அதைத் தாங்கும் பயிற்சி எதிரில் இருக்கும் சக மாணவருக்கு இராது. அறைத்தோழரோடு சண்டை, வேலை மாறலாமா என்ற குழப்பம் போன்ற நடுத்தர அளவுச் சிக்கல்களே ஏற்றவை.

வீட்டிலிருந்து பயிற்சி செய்பவர் காதொலிக்கருவி அணிந்தால் துணைநாடி சொல்வது மட்டுமே பிறருக்குக் கேட்காது. இவர் சுருக்கிச் சொல்லும் ஒவ்வொன்றும் அடுத்த அறைக்குக் கேட்கும். தனியறை இல்லாத வீட்டில் மொட்டை மாடியோ, வீட்டார் வெளியே செல்லும் நேரமோதான் வழி.

இரகசியம் காத்தலின் எல்லை

அமெரிக்கப் பாடநூல்கள் இங்கே தாராசாஃப் வழக்கைச் சொல்லும். கலிபோர்னியாவில் ஒருவர் ஒரு பெண்ணைக் கொல்லும் எண்ணத்தைத் தம் உளவியலாளரிடம் சொல்லியிருந்தார். 1969இல் அப்பெண் கொல்லப்பட்டார். ஆபத்துக்குள்ளாகக்கூடியவரைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது.

இந்திய மாணவர் இதோடு நின்றுவிடக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையிடமோ சிறார் காவல் பிரிவிடமோ தெரிவித்தாக வேண்டும். பதினாறு வயது மாணவியிடம் 'நீ சொல்வது யாருக்கும் தெரியாது' என்று முன்கூட்டியே உறுதி கொடுத்துவிட்டால், பின்னர் அதை மீற வேண்டிவரும். எல்லையை முதலிலேயே சொல்லித் தொடங்குவதே முறை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் 23ஆம் பிரிவில் இரகசியம் காக்கும் கடமையையும் அதற்கான விலக்குகளையும் வரையறுக்கிறது.

சான்றிதழின் மதிப்பு

அறிமுகப் பாடம் முடித்தவர் ஆற்றுப்படுத்துநர் ஆகிவிடுவதில்லை. அமெரிக்காவில் கேக்ரெப் அமைப்பின் தரச்சான்று பெற்ற முதுநிலைப் படிப்பு இணையவழியில் நடந்தாலும், மாணவர் 100 மணி நேரச் செய்முறைப் பயிற்சியையும் 600 மணி நேர உள்ளகப் பயிற்சியையும் மேற்பார்வையின்கீழ் முடிக்க வேண்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்ய வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிவிப்பின்படி, 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் உளவியல் முதலிய படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்த உயர்கல்வி நிறுவனங்களுக்கு அனுமதியில்லை. இதை அறியாமல், விளம்பரத்தை நம்பிக் கட்டணம் செலுத்துவோர் ஏமாற வாய்ப்புண்டு. சேர்வதற்கு முன், அது பட்டமா, குறுகிய காலச் சான்றிதழா, எந்த அமைப்பு அதை ஏற்கிறது, நேரடிப் பயிற்சி உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர், விடுதிக் காப்பாளர் போன்றோருக்கு அறிமுகப் பாடம் தம் பணியிலேயே உடனே பயன்படும். பெயர்ப்பலகை மாட்டித் தனியே தொழில் நடத்த அது போதாது. தற்கொலை எண்ணத்தை வெளிப்படுத்தும் ஒருவரை அத்தகையோர் எதிர்கொண்டால், அந்த எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்டு, தனியே விடாமல் இருந்து, மனநல மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.