இரண்டாம் பிறந்தநாட் பரிசு

ஓய்வு பெற்ற தலைமையாசிரியரிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பல. எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், எழுத்தை எப்பொழுது கற்பிக்கலாம் என்பவற்றுக்கு இடையே, "ஐயா, பேரனுக்கு இரண்டு வயது நிறைகிறது, என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" என்னும் கேள்வியும் அடிக்கடி வருவதுண்டு. கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆயினும், இதற்கு விடை தேடி வருவாய்க்கு மீறிச் செலவிடுவோர் பலர். அறியாமல் ஆபத்தையே அழகிய தாளில் சுற்றிக் கொடுப்போரும் உளர். ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

கொடுப்பவர் கண்ணுக்கு மதிப்புடையது வேறு. பெறும் குழந்தையின் கண்ணுக்கு மதிப்புடையது வேறு. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து முற்றம் ஒன்றைக் காட்டுகிறார். உலரவைத்த உணவைக் கவர வந்த கோழியை விரட்டுவதற்குப் பெண்கள் தம் கனத்த காதணியை எறிகின்றனர். அது சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து அதனைத் தடுக்கிறது. நகரத்தின் செல்வப் பெருக்கைக் காட்டவே புலவர் இதனைக் கூறினார். ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுகிறது. பெரியவர்களுக்கு அது விலையுயர்ந்த நகை. தேர் உருட்டும் பிள்ளைக்கோ வழியில் கிடக்கும் ஓர் இடையூறு.

இனி, இரண்டு வயதுக் குழந்தையின் இயல்பைப் பார்ப்போம். பொதுவாக இவ்வயதில் குழந்தை ஓடும், பந்தை உதைக்கும், நான்கைந்து கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும், "அம்மா வா", "பால் தா" என இரு சொற்களைச் சேர்த்துப் பேசும், பெரியவர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்யும். குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின் ஆகலாம். அதன் காலும் கையும் நாவும் எதனைச் செய்ய விரும்புகின்றனவோ அதற்குத் துணை செய்யும் பொருளே ஏற்ற பரிசாகும்.

முதலில் காலுக்கு உரியவை. நம் ஊர்த் தச்சர் செய்யும் நடைவண்டி, நடை பழகும் ஒரு வயதுக் குழந்தைக்கு ஏற்றது. ஓடத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு வேண்டுவது கயிறு கட்டி இழுக்கும் சிறு மரவண்டி. அதில் பொம்மையை ஏற்றலாம், இறக்கலாம், மீண்டும் ஏற்றலாம். கயிறு மட்டும் கழுத்தைச் சுற்றாத அளவுக்குக் குறுகியதாக இருத்தல் வேண்டும். இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்கும் அளவிலான பந்தும் நல்ல பரிசே.

அடுத்துக் கைக்கு உரியவை. ஜெர்மனி நாட்டில் 1837-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கெனக் கல்வி நிலையம் தொடங்கிய பிரோபெல், தாம் வகுத்த விளையாட்டுக் கருவிகளுக்குக் 'கொடைகள்' என்றே பெயரிட்டார். முதற் கொடை, பல நிறங்களில் ஆறு கம்பளி நூற் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவை. கல்வி உலகம் இன்றும் போற்றும் கொடைகள் எவ்வளவு எளியவை, பாருங்கள்! பத்துப் பன்னிரண்டு மரக்கட்டைகள் போதும். ஒன்றினுள் ஒன்று அடங்கும் சம்புடங்களும் அவ்வாறே பயன்படும். பெரியதனுள் சிறியது அடங்கும், சிறியதனுள் பெரியது அடங்காது என்பதை எந்த ஆசிரியரும் சொல்லாமலே குழந்தை தன் கையால் கண்டுகொள்கிறது.

நாவுக்கு உரியது படப்புத்தகம். தாள் தடித்த அட்டையாக இருத்தல் வேண்டும். பக்கத்துக்கு ஒரு படமாகக் காக்கை, பசு, குடை, பேருந்து எனக் குழந்தை நாள்தோறும் காண்பவை இருந்தால் போதும். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளுடன் பெற்றோர் விளையாடும்பொழுது எழுந்த பேச்சைப் பதிவு செய்தனர். ஒலியும் ஒளியும் எழுப்பும் மின்னணுப் பொம்மைகள் இருந்தபொழுது பெற்றோர் பேசிய சொற்கள், புத்தகத்தோடு இருந்தபொழுது பேசியவற்றைவிடக் குறைந்திருந்தன. பொம்மை பேசத் தொடங்கினால் தாய் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். கைப்பேசியைப் பரிசாகக் கருதுவோரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டு வயதில், அமர்ந்தவாறு திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு 1 மணிக்கு மேற்படலாகாது என்றும், அதனினும் குறைவதே நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

பரிசுகள் எத்தனை? அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வயதை ஒட்டிய 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் மற்றொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டனர். நான்கு மட்டும் இருந்தபொழுதே குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பலவிதமாக விளையாடின. ஆதலால் உறவினர் தரும் பொருள்களை ஒரே நாளில் குவிக்காமல், இரண்டை வெளியே வைத்து, மற்றவற்றைப் பரணில் வைத்துப் பின்னர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கலாம்.

இனி எச்சரிக்கை. இவ்வயதில் எப்பொருளும் வாய்க்குச் செல்லும். தாளை 32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாயாகச் சுருட்டுங்கள். அதனுள் புகுந்துவிடும் எந்தப் பொருளும், பொம்மையினின்று கழன்று வரும் எந்தத் துண்டும் இக்குழந்தையின் கைக்கு ஆகாது. சொப்புச் சாமான் வாங்குவோர் இதனை மறவாதீர்கள். பெரிய சொப்புகளாகவே தேர்ந்தெடுங்கள். வெடித்த பலூனின் துண்டு மூச்சை அடைக்கும். பொத்தான் போன்ற பேட்டரியை விழுங்கினால், அது தொண்டையில் தங்கி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்; கணமும் தாழ்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் நாட்டில் விற்கப்படும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அம்முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

இறுதியாகப் பணத்தைப் பற்றி ஒரு சொல். என் தெருவில் வாழும் இளைஞர் ஒருவர், துணிக்கடையில் வேலை செய்பவர், மகளின் இரண்டாம் பிறந்தநாளுக்கு மின்கலத்தால் ஓடும் மோட்டார் வண்டியைத் தவணையில் வாங்க எண்ணினார். "மச்சான் வீட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், சார். நான் வாங்கவில்லை என்றால் என் பிள்ளைக்குத்தானே குறைச்சல்?" என்றார். நகைத்துத் தள்ளிவிடக்கூடிய சொல் அன்று அது. தகப்பன் மனத்தின் வேதனை அதில் இருந்தது. நான் அவரிடம் கூறியது இதுதான்: "தம்பி, இரண்டு வயதுக் குழந்தைகள் இருவரை அருகருகே விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று தன் போக்கிலும் மற்றொன்று தன் போக்கிலும் விளையாடும். கையிலுள்ள பொருளைப் பிடுங்கினால் அழுமேயன்றி, அதன் விலையை ஒப்பிட அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கைப் பின்னாளில் நாம்தான் கற்பிக்கிறோம்."

அவர் மரவண்டி ஒன்றும் படப்புத்தகம் ஒன்றும் வாங்கினார். தவணைக் கடன் இல்லாமையால், அந்த மாதம் கூடுதல் நேர வேலைக்குச் செல்லாமல் மாலையில் வீடு திரும்ப அவரால் முடிந்தது. அவர் மகள் வண்டியில் செருப்புகளை ஏற்றித் தெருத் திண்ணை வரை இழுத்து வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பின்னால் அவரும் வருவார்.

நேயர்களே, பரிசு வாங்கக் கடைக்குச் செல்லுமுன் அந்தக் குழந்தையை அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். எதனை இழுக்கிறது, எதனை அடுக்குகிறது, எதனைச் சுட்டிப் பெயர் கேட்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கொடுத்த பின்னர், அதே குழந்தையோடு தரையில் அமர்ந்து மற்றுமோர் அரைமணி நேரம் விளையாடுங்கள்.